உண்ணியைப் பிடித்த விஞ்ஞானி தியோபால்ட் ஸ்மித்

வயல்வெளியில் மாடுகள் மேயும்போது, பக்கத்திலேயே வெள்ளைக் கொக்குகள் நடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சில சமயம் மாட்டின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து ஜம்மென்று சவாரி செய்யும். அதற்கு உண்ணிக்கொக்கு என்று பெயர். மாட்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உண்ணிகளைக் கொத்தித் தின்பதால் வந்த பெயர் அது.

உண்ணியை நீங்களும் பார்த்திருக்கலாம். மாட்டின் காது மடலில், வாலுக்கு அடியில், மடியின் பக்கத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாக ரத்தம் குடித்த உண்ணி ஆமணக்கு விதை போல உப்பி இருக்கும். பார்த்தால் அருவருப்பாக இருக்குமே தவிர, பயமாக இருக்காது. இத்தனை சிறிய பூச்சி ஒரு பெரிய மாட்டை என்ன செய்துவிட முடியும் என்றுதான் தோன்றும்.

அமெரிக்காவில் பெரிய பெரிய நிபுணர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பால் ஆயிரக்கணக்கான மாடுகள் செத்து மடிந்தன. எத்தனையோ விவசாயக் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. உண்ணிதான் குற்றவாளி என்பதைச் சோதனை செய்து நிரூபித்தவர் தியோபால்ட் ஸ்மித். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

தையற்காரரின் மகன்

1859ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஆல்பனி நகரில் ஸ்மித் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா தையல் வேலை செய்தார். ஷ்மிட் என்ற ஜெர்மானியக் குடும்பப் பெயர்தான் அமெரிக்காவில் ஸ்மித் என்று மாறியது.

வீட்டில் பேச்சு எல்லாம் ஜெர்மன் மொழியில்தான். பள்ளியில் ஆங்கிலம். இப்படி இரண்டு மொழிகளும் சிறுவனுக்குத் தண்ணீர் பட்ட பாடாயின. கணக்கில் புலி. பியானோ வாசிப்பதிலும் கெட்டிக்காரன். வசதி இல்லாத வீடு என்றாலும், நன்றாகப் படித்ததால் உதவித்தொகை கிடைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1881இல் பட்டம் பெற்றார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1883இல், ஆல்பனி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

டாக்டர் ஆனவர் வாசலில் பெயர்ப்பலகை மாட்டி வைத்தியம் பார்க்க உட்காரவில்லை. நோய் ஏன் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று ஆராயத்தான் அவருக்கு ஆசை. அந்தச் சமயத்தில் வாஷிங்டனில் அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை கால்நடை நோய்களை ஆராய ஆள் தேடிக்கொண்டிருந்தது. கார்னெலில் ஸ்மித்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் கேஜ் அவரைப் பரிந்துரைத்தார். 1884ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கால்நடைத் துறையில் ஸ்மித் வேலைக்கு அமர்ந்தார். மனிதர்களுக்கு வைத்தியம் படித்தவர், மாட்டுக்கும் பன்றிக்கும் வரும் நோய்களை ஆராய வந்துவிட்டார்!

நோய்க் கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. 1882இல் ஜெர்மனியின் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். கிருமிகளை எப்படி வளர்ப்பது, எப்படிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது என்பதையெல்லாம் அவர் ஜெர்மன் மொழியில் எழுதி வைத்திருந்தார். அமெரிக்காவில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. ஸ்மித் என்ன செய்தார் தெரியுமா? அம்மா, அப்பாவிடம் கற்ற ஜெர்மன் மொழி கைகொடுத்தது. கோக் எழுதியவற்றைத் தாமே படித்து, தாமே செய்து பார்த்து, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்.

மர்மக் காய்ச்சல்

இப்போது நம் கதையின் மர்மத்துக்கு வருவோம்.

அமெரிக்காவின் தெற்கே டெக்சாஸ் என்ற பெரிய மாநிலம் இருக்கிறது. அங்கே மாடுகள் ஏராளம். வடக்கே உள்ள நகரங்களில் இறைச்சிக்கு நல்ல விலை. ஆகவே 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, குதிரை மேல் ஏறிய மாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கான மாடுகளை மந்தை மந்தையாக வடக்கு நோக்கி ஓட்டிச் சென்றார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடை. மந்தை கொழுகொழுவென்று ஆரோக்கியமாகவே போய்ச் சேரும்.

ஆனால் அந்த மந்தை நடந்துபோன வழியில் மேய்ந்த வடக்கு மாடுகள் ஒரு மாதம் கழித்து நோயில் விழுந்தன. கடுமையான காய்ச்சல். தீனி எடுக்காது. முதுகை வளைத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். சிறுநீர் ரத்தம் போலச் சிவப்பாகப் போகும். சில நாட்களில் மாடு செத்துவிடும். 1868ஆம் ஆண்டு கோடையில் இல்லினாய், இந்தியானா மாநிலங்களில் ஆயிரக்கணக்கான மாடுகள் இப்படி மாண்டன. மக்கள் இதற்கு டெக்சாஸ் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். டெக்சாஸ் மந்தைகளைத் தங்கள் ஊர் வழியே விடமாட்டோம் என்று விவசாயிகள் துப்பாக்கியுடன் வழிமறித்து நின்ற சம்பவங்களும் உண்டு.

இந்த நோயில் எல்லாமே புதிராக இருந்தது. எண்ணிப் பாருங்கள்.

ஒன்று, நோயைக் கொண்டுவந்த தெற்கு மாடுகளுக்கு எந்த நோயும் இல்லை. நோயாளியே இல்லாமல் நோய் எப்படிப் பரவும்?

இரண்டு, தெற்கு மாடு வந்தவுடன் வடக்கு மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் ஆபத்து தொடங்கியது. அதற்குள் அந்தத் தெற்கு மாடுகள் எங்கோ போயிருக்கும்!

மூன்று, நோய் கண்ட வடக்கு மாட்டின் பக்கத்திலேயே நின்ற இன்னொரு வடக்கு மாட்டுக்கு அதனால் நோய் ஒட்டவில்லை.

நான்கு, வடக்கு மாட்டைத் தெற்கே கொண்டுபோனாலும் அது நோய் கண்டு செத்தது.

ஐந்து, குளிர்காலத்தில் உறைபனி விழுந்துவிட்டால் நோய் நின்றுவிடும்.

தெற்கு மாடுகளின் மூச்சில் நஞ்சு இருக்கிறது என்றார்கள் சிலர். எச்சிலிலும் சாணத்திலும் இருக்கும் நஞ்சு புல்லில் படிகிறது என்றார்கள் வேறு சிலர். மாட்டோடு மாடாக வாழ்ந்த மேய்ப்பர்களும் விவசாயிகளும் மட்டும், இது உண்ணியால் வரும் நோய் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தெற்கு மாட்டின் மேல் உண்ணி இருக்கிறது. செத்துப்போன வடக்கு மாட்டின் மேலும் உண்ணி இருக்கிறது. அவர்கள் கண்ணால் கண்டது அது. படித்த நிபுணர்களோ அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

ஸ்மித் சிரிக்கவில்லை. மாட்டை நாள் முழுக்கப் பார்ப்பவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கலாம் என்று நினைத்தார். ஆனால் அப்படியே நம்பிவிடவும் இல்லை. சோதித்துப் பார்த்து முடிவு செய்வோம் என்று தீர்மானித்தார். அறிவியல் மனப்பான்மை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறீர்களே, அது இதுதான்.

மூன்று வயல்கள்

வாஷிங்டன் நகரின் ஓரத்தில் கால்நடைத் துறைக்குச் சொந்தமான சோதனைப் பண்ணை ஒன்று இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவர். 1889ஆம் ஆண்டு கோடையில் அங்கே வேலி போட்டு வயல்களைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். தெற்கே உள்ள வடக்கு கரோலினா மாநிலத்திலிருந்து, உண்ணி மொய்த்த மாடுகளை வரவழைத்தார்கள். (மாநிலத்தின் பெயரில்தான் வடக்கு இருக்கிறது. அந்த மாடுகள் தெற்கு மாடுகள்தான். குழப்பிக்கொள்ளாதீர்கள்!)

முதல் வயலில் உண்ணியோடு கூடிய தெற்கு மாடுகளையும், ஆரோக்கியமான வடக்கு மாடுகளையும் சேர்த்து விட்டார்கள்.

இரண்டாம் வயலிலும் தெற்கு மாடுகளும் வடக்கு மாடுகளும்தான். ஆனால் இங்கே விட்ட தெற்கு மாடுகளின் மேல் ஓர் உண்ணிகூட இல்லை. ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். இது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கொளுத்தும் வெயிலில், உதைக்கிற மாட்டின் வயிற்றுக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் தேடித் தேடிப் பிடுங்க வேண்டும். குட்டி உண்ணிகள் கண்ணுக்கே தெரியாது. அவை கொஞ்சம் வளர்ந்து கண்ணில் படும்போது மறுபடி பிடுங்க வேண்டும். நாள் தவறாமல் அந்த வேலை நடந்தது.

மூன்றாம் வயலில் தெற்கு மாடே கிடையாது. தெற்கிலிருந்து கொண்டுவந்த உண்ணிகளை மட்டும் புல்லில் தூவிவிட்டு, வடக்கு மாடுகளை மேயவிட்டார்கள்.

முடிவு என்ன ஆகியிருக்கும்? நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம்.

முதல் வயலில் இருந்த வடக்கு மாடுகள் டெக்சாஸ் காய்ச்சல் கண்டு மடிந்தன. இரண்டாம் வயலில் இருந்தவை தெற்கு மாடுகளோடு ஒன்றாகப் புல் மேய்ந்து, ஒன்றாகத் தண்ணீர் குடித்தும் நோயில்லாமல் நன்றாக இருந்தன. மூன்றாம் வயலில் தெற்கு மாட்டின் வாசனையே இல்லை. ஆனாலும் வடக்கு மாடுகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது!

மூச்சும் இல்லை, எச்சிலும் இல்லை, சாணமும் இல்லை. மாடு இல்லாமல் உண்ணி மட்டும் இருந்தால் நோய் வருகிறது. உண்ணி இல்லாமல் மாடு மட்டும் இருந்தால் நோய் வருவதில்லை. மேய்ப்பர்கள் சொன்னது சரிதான்.

ஆனால் ஸ்மித் அவசரப்பட்டு ஊரைக் கூட்டவில்லை. ஒரு கோடையில் நடந்தது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா? 1890, 1891, 1892 என்று கோடை தவறாமல் சோதனைகளை மாற்றி மாற்றிச் செய்தார். நான்கு ஆண்டுகள் பொறுமையாக உழைத்தார்.

ரத்தத்துக்குள் பேரிக்காய்

உண்ணிதான் நோயைக் கொண்டுவருகிறது என்றால், அது எதைக் கொண்டுவருகிறது? இதற்குப் பதில் மாட்டின் ரத்தத்தில் இருந்தது.

நம் ரத்தத்தைப் போலவே மாட்டு ரத்தத்திலும் சிவப்பணுக்கள் இருக்கின்றன. நல்ல ஆரோக்கியமான மாட்டின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு கடுகளவு துளியில், 50 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் இருக்கும். ரத்தத்தை அளவாகக் கரைத்து, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் எண்ணிக் கணக்குப் பார்ப்பார்கள். நோய் கண்ட மாடுகளின் ரத்தத்தை ஸ்மித் நாள்தோறும் இப்படி எண்ணினார். சிவப்பணுக்கள் மளமளவென்று குறைந்துகொண்டே போயின. சில மாடுகளில் நாலில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

எங்கே போயின அத்தனை அணுக்களும்? ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, சாயம் ஏற்றிப் பார்த்தார். சிவப்பணுக்களுக்கு உள்ளே ஏதோ இருந்தது! பேரிக்காய் வடிவம். ஒரு முனை பருத்து, மறுமுனை கூர்ந்து, இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து நின்றன. அது பாக்டீரியா இல்லை. ஒரே ஒரு செல்லால் ஆன ஒட்டுண்ணி. ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக வெட்டினால் அதில் 4 அல்லது 5 பங்குதான் அதன் நீளம்.

இந்த ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைந்து இரண்டாகப் பெருகுகிறது. பிறகு அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, வேறு அணுக்களுக்குள் புகுகிறது. உடைந்த அணுக்களிலிருந்த சிவப்புப் பொருள் ரத்த நீரில் கலந்து, சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. சிறுநீர் சிவப்பாகப் போவதன் ரகசியம் இதுதான்.

தெற்கு மாடுகள் ஏன் சாகவில்லை என்ற புதிரும் அவிழ்ந்தது. தெற்கே எங்கும் உண்ணி என்பதால், அங்குள்ள மாடுகளுக்குக் கன்றுக்குட்டிப் பருவத்திலேயே இந்த ஒட்டுண்ணி வந்துவிடும். கன்றுகளுக்கு நோய் லேசாக வந்து போய்விடும். பிறகு எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடும். ஆனால் ரத்தத்தில் மிகக் குறைந்த அளவில் ஒட்டுண்ணி தங்கியே இருக்கும். நன்றாக இருக்கும் தெற்கு மாட்டின் ரத்தத்தை எடுத்து வடக்கு மாட்டுக்கு ஊசி மூலம் செலுத்தினார் ஸ்மித். வடக்கு மாட்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நோயாளி இல்லாமல் நோய் பரவியது எப்படி என்று இப்போது புரிகிறதா?

ஏறக்குறைய அதே காலத்தில், 1888இல், ருமேனியா நாட்டில் விக்டர் பாபேஷ் என்ற விஞ்ஞானியும் நோய் கண்ட மாடுகளின் ரத்தத்தில் இத்தகைய ஒட்டுண்ணிகளைக் கண்டிருந்தார். அவருடைய நினைவாகத்தான் இந்த ஒட்டுண்ணி இனம் இன்று பாபேசியா என்று அழைக்கப்படுகிறது. ஆனால் அது மாட்டுக்கு மாடு எப்படிப் போகிறது என்பதை முதலில் நிரூபித்தவர்கள் ஸ்மித்தும் கில்போர்னும்தான்.

எதிர்பாராத கண்டுபிடிப்பு

இங்கே ஒரு சிக்கல். மாட்டு உண்ணி கொசுவைப் போல ஒரு மாட்டைக் கடித்துவிட்டு இன்னொரு மாட்டுக்குப் பறந்து போவதில்லை. அது வாழ்நாள் முழுவதும் ஒரே மாட்டின் மேல்தான் ரத்தம் குடிக்கும். வயிறு நிறைந்த பெண் உண்ணி தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டுச் செத்துவிடும். இரண்டாவது மாட்டை அது தொடுவதே இல்லை. அப்படியானால் நோயை எப்படிக் கொண்டுபோகிறது?

1890இல் இதற்கு விடை கிடைத்தது. அதுவும் ஸ்மித் தேடாத இடத்தில் கிடைத்தது! உண்ணிகள் ரத்தத்தை உறிஞ்சுவதால் மட்டுமே மாட்டுக்குச் சோகை வருமா என்று பார்க்க நினைத்தார் அவர். அதற்காக ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரத்தில் உண்ணி முட்டைகளைப் பொரிக்க வைத்தார். அந்தக் குஞ்சுகள் எந்த மாட்டையும் கடித்ததில்லை. ஒரு சொட்டு ரத்தமும் குடித்ததில்லை. ஆகவே அவை சுத்தமானவை என்று நம்பி, ஆரோக்கியமான ஓர் இளம் பசுவின் மேல் விட்டார்.

பசுவுக்கு டெக்சாஸ் காய்ச்சல் வந்துவிட்டது! ரத்தத்தில் அதே பேரிக்காய் ஒட்டுண்ணி!

தாய் உண்ணி குடித்த ரத்தத்திலிருந்த ஒட்டுண்ணி, முட்டைக்குள் சென்று, குஞ்சுக்கும் வந்திருக்கிறது. தாய் செத்தாலும் பிள்ளைகள் நோயைச் சுமந்து வருகின்றன. உண்ணியின் உடலுக்குள் அந்த ஒட்டுண்ணியைக் கண்ணால் காண ஸ்மித் எவ்வளவோ முயன்றார், முடியவில்லை. அதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஆனால் அவருடைய சோதனையின் முடிவு தெளிவாகவே இருந்தது.

இப்போது பழைய புதிர்களுக்குத் திரும்புவோம். தெற்கு மாட்டிலிருந்து விழுந்த உண்ணி முட்டையிட்டு, முட்டை பொரிந்து, குஞ்சுகள் புல் நுனியில் ஏறிக் காத்திருக்க ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாத இடைவெளிக்குக் காரணம் அதுதான். உண்ணி மாட்டுக்கு மாடு தாவாததால், நோயுற்ற வடக்கு மாடு பக்கத்து மாட்டுக்கு நேராக நோயைத் தருவதில்லை. உறைபனியில் உண்ணி சாகும். அதனால் குளிர்காலத்தில் நோய் இல்லை. தெற்கே புல்வெளி எல்லாம் உண்ணி. அதனால் அங்கே போன வடக்கு மாடு பிழைப்பதில்லை. ஒரே சாவியால் ஐந்து பூட்டுகளும் திறந்துகொண்டன!

விடுபட்ட பெயர்

1893இல் ஸ்மித்தும் கில்போர்னும் தங்கள் ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார்கள். பூச்சியைப் போன்ற ஓர் உயிர், நுண்ணுயிர் நோயைப் பரப்புகிறது என்பதற்கு உலகில் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. யானைக்கால் நோயின் புழு கொசுவுக்குள் வளர்வதை பாட்ரிக் மேன்சன் 1877இலேயே கண்டிருந்தார். ஆனால் அது கொசுவிலிருந்து மனிதனுக்கு எப்படித் திரும்பி வருகிறது என்பது அப்போது தெரியவில்லை. ஸ்மித்தின் சோதனை முழு வட்டத்தையும் காட்டியது.

ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவர்களின் வரிசையில் ஒரு பெயர் இல்லை. கூப்பர் கர்டிஸ் என்பது அந்தப் பெயர். அவரும் அதே துறையில் வேலை பார்த்தவர். மாட்டு உண்ணி எத்தனை நாள் மாட்டின் மேல் இருக்கும், எப்போது விழும், எத்தனை நாளில் முட்டை பொரியும் என்று அதன் வாழ்க்கை முழுவதையும் பொறுமையாகப் பார்த்து எழுதியவர் அவர்தான். அந்த விவரங்கள் இல்லாமல் சோதனைகளைத் திட்டமிட்டிருக்கவே முடியாது. தமக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று கர்டிஸ் மனம் வருந்தினார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இப்படி விடுபட்டுப் போன வருத்தம் ஸ்மித்துக்கும் தெரிந்ததுதான். 1885இல் பன்றிகளில் ஒரு பாக்டீரியாவை அவர் கண்டுபிடித்தார். அந்தப் பெருமை பெரும்பாலும் அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மனுக்கே போய்ச் சேர்ந்தது. கெட்டுப்போன உணவால் வயிற்றுப்போக்கு வந்தால் சால்மோனெல்லா என்று டாக்டர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கிருமியின் பெயரில் சால்மன் இருக்கிறார், ஸ்மித் இல்லை. தாம் பட்ட வருத்தத்தையே இன்னொருவரும் படும்படி ஆயிற்றே! பெரியவர்களின் வாழ்விலும் இப்படிக் குறைகள் உண்டு. அவற்றையும் தெரிந்துகொள்வது நல்லதுதான். நாலு பேர் சேர்ந்து செய்த வேலையில் நாலு பேர் பெயரையும் சொல்ல வேண்டும் என்பதை மறக்கமாட்டோம் அல்லவா?

மாட்டுக்குக் குளியல்

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. நோய்க்கு மருந்து தேடுவதைவிட உண்ணியை ஒழிப்பதே மேல். மேய்ச்சல் நிலத்தைச் சில மாதங்கள் மாடு விடாமல் காலியாகப் போட்டால், உண்ணிக் குஞ்சுகள் பட்டினி கிடந்து செத்துவிடும். இன்னொரு வழி, மாடுகளை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பது.

1906இல் அமெரிக்க அரசு உண்ணி ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தெற்கு மாநிலங்களில் ஊருக்கு ஊர் நீளமான சிமெண்டுத் தொட்டிகள் கட்டினார்கள். அதில் ஆர்சனிக் கலந்த தண்ணீர். மாடுகள் ஒரு பக்கம் குதித்து, நீந்தி, மறுபக்கம் ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்தக் குளியல். ஏன் இரண்டு வாரம்? உண்ணி மாட்டின் மேல் ஏறி, வளர்ந்து, கீழே விழ ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதற்குள் இன்னொரு முறை முக்கிவிட்டால் முட்டையிட ஓர் உண்ணிகூட மிஞ்சாது. வருத்தத்தில் இருந்த கர்டிஸும் ஒதுங்கிவிடவில்லை. உண்ணியை அடியோடு ஒழிக்க முடியும் என்று முன்பிருந்தே வாதாடியவர் அவர். இந்த இயக்கத்திலும் சேர்ந்து உழைத்தார்.

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. எங்கள் மாட்டை அரசாங்கம் ஏன் இழுத்துக்கொண்டு போய் முக்க வேண்டும் என்று கோபப்பட்ட சிலர், தொட்டிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆனாலும் பணி நிற்கவில்லை. 1943இல் மெக்சிகோ எல்லையோரமாக டெக்சாஸில் உள்ள ஒரு பகுதி நீங்கலாக, நாடு முழுவதும் மாட்டுக் காய்ச்சல் உண்ணி ஒழிக்கப்பட்டுவிட்டது. அந்த எல்லையில் இன்றும் அரசு ஊழியர்கள் குதிரையில் ரோந்து போகிறார்கள். ஆற்றைத் தாண்டி வரும் மாடுகளைப் பிடித்து உண்ணி இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவர்கள் வேலை.

ஸ்மித் திறந்த கதவு வழியே உலக மருத்துவம் வேகமாக நடந்தது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி, நம் நாட்டின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1900இல் கியூபா தீவில் வால்டர் ரீட் குழுவினர் மஞ்சள் காய்ச்சலையும் கொசுதான் பரப்புகிறது என்று நிரூபித்தார்கள்.

பாலைக் காய்ச்சிக் குடிப்போம்

1895இல் ஸ்மித் பாஸ்டன் நகருக்குச் சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். மாசசூசெட்ஸ் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடத்தையும் நடத்தினார். அங்கே, குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து தயாரிக்கப்பட்டது.

1898இல் இன்னொரு முக்கியமான ஆராய்ச்சியை வெளியிட்டார். மனிதனுக்குக் காசநோய் தரும் கிருமியும், மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியும் ஒன்றல்ல, இரண்டும் வேறு வேறு வகை என்று அவர் காட்டினார். 1901இல் ராபர்ட் கோக்கும் இதை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒரு படி மேலே போய், மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று கூறிவிட்டார். அது தவறு. நோயுற்ற மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்த குழந்தைகளுக்கு அந்தக் கிருமி தொற்றியது என்பது பிறகு தெளிவாகியது. பாலைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று உங்கள் பாட்டி சொல்வது எவ்வளவு சரி, பார்த்தீர்களா?

நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைவராக வருமாறு ஸ்மித்தை அழைத்தார்கள். பெரிய பதவி அது. தம் ஆராய்ச்சி பெரும்பாலும் விலங்கு நோய்களைப் பற்றியது, இந்தப் பதவிக்கு மனித நோய்களை ஆராய்பவரே பொருத்தம் என்று எண்ணி அவர் மறுத்துவிட்டார். பின்னாளில் அதே நிறுவனம் பிரின்ஸ்டனில் விலங்கு நோய்களுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியபோது, அதை ஏற்று 1929 வரை நடத்தினார்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1933இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உயரிய காப்ளி பதக்கம் கிடைத்தது. 1934ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, தமது 75ஆம் வயதில் அவர் காலமானார்.

நம் ஊரில்

இந்த ஒட்டுண்ணி நம் நாட்டிலும் உண்டு. அதைப் பரப்புவதும் உண்ணிதான். நம் நாட்டு மாடுகள் பல தலைமுறைகளாக உண்ணியோடு வாழ்ந்து பழகியவை என்பதால் ஓரளவு தாங்கிக்கொள்ளும். நிறையப் பால் தரும் கலப்பின மாடுகள்தான் ரத்த ஒட்டுண்ணி நோய்களால் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மாடு இருந்தால் ஒரு நல்ல வேலை செய்யலாம். மாடு சோர்ந்து நின்றாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, சிறுநீர் சிவப்பாகவோ காபி நிறத்திலோ போனாலோ, உடனே பெரியவர்களிடம் சொல்லிக் கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். அவர் மாட்டின் காது நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். ஸ்மித் செய்த அதே வேலை! இன்று இந்த நோய்க்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. காலத்தில் பார்த்தால் மாட்டைக் காப்பாற்றிவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம். உண்ணியை விரலால் பிடுங்கி நசுக்காதீர்கள். உண்ணி மருந்தையும் நீங்களாகத் தொடக்கூடாது, அது விஷம். பெரியவர்கள்தான் மருத்துவர் சொன்னபடி போட வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பர் சொன்னதைப் படித்த நிபுணர்கள் கேட்காததால், காரணம் தெரியாமலே பல ஆண்டுகள் மாடுகள் செத்தன. ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் வேலி போட்டு, எண்ணிப் பார்த்து, நான்கு கோடைகள் சோதித்தார். நாளைக்கு உங்கள் தெருவில் மாடு மேய்ப்பவரோ, கீரை விற்கும் பாட்டியோ ஏதாவது சொன்னால் சிரித்துவிட்டு ஓடிவிடாதீர்கள். ஏன், எப்படி என்று கேளுங்கள். பிறகு நீங்களே சோதித்துப் பாருங்கள்.